பதிவுக்கும் தாலிக்கும் நடுவில்

என் ஆய்வுத் தலைப்பைக் கேட்டதும் சட்டம் படித்தவர்கள் முதலில் சிரிப்பார்கள். பதிவுத் திருமணத்துக்கும் தாலி கட்டுவதற்கும் இடைப்பட்ட காலம்தான் தலைப்பு. சிரித்துவிட்டுப் போகட்டும்.

இந்த ஊர்த் தமிழர்களுக்கு அது தெரிந்த சங்கதி. அரசாங்க அடுக்குமாடி வீடு வாங்கத் தம்பதியாக விண்ணப்பிப்பதற்காக முதலில் பதிவு செய்துவிடுவோம். நல்ல நாளும் மண்டபமும் கூடிவர வருடக்கணக்கில் ஆகும். அதுவரை அவரவர் வீட்டில்தான் இருக்க வேண்டும். நானும் அப்படித்தான் பதிவு செய்தேன். லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு முடிந்ததும் கணவர் தன் வீட்டுக்கு ரயில் ஏறினார், நான் அம்மாவோடு ஜாலான் புசாரில் இருந்த எங்கள் வீட்டுக்கு நடந்தேன். அம்மா அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதே இல்லை. தாலி ஏறும்வரை வெறும் 'தம்பி'தான்.

தாலி ஏறவில்லை. மண்டபம் பிடித்த பிறகு அவர் மனம் மாறிவிட்டார். நீதிமன்றம் போய்த்தான் திருமணத்தை ரத்து செய்ய முடிந்தது. அம்மா உறவுக்காரர்களிடம், "நிச்சயம் பண்ணது நின்னுபோச்சு" என்று சொல்லி முடித்துக்கொண்டார். சட்டமோ, தீர்ப்பு வந்த நாள்வரை நான் மனைவியாகவே இருந்தேன் என்றது. அந்தக் கோபத்தில்தான் இதையே தலைப்பாக எடுத்துச் சட்டத்தில் முனைவர் பட்டத்துக்குப் போனேன்.

பட்டம் வாங்கியபின் ஒரு கல்லூரியில் நிரந்தர வேலைக்கு விண்ணப்பித்தேன். தேர்வுக் குழுவில் இருந்த தமிழர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "நல்லதுக்குத்தான் சொல்றேம்மா. கம்பெனி சட்டம், பேங்கிங், அப்படி ஏதாச்சும் எடுங்க. இது வீட்டு விஷயம்லா."

அம்மாவும் அதையே வேறுவிதமாகச் சொன்னார். "இவ ஏன் இதையே எழுதுறான்னு நாலு பேரு கேப்பாங்க. எல்லாம் வெளிய வந்துரும். அந்த டாபிக்க விட்டுரேன்."

எனக்கு அந்த வேலை வேண்டும்தான். ஆனால் ஆத்திரமாக வந்தது. கப்பல் கம்பெனிக்காரன் ஒப்பந்தத்தை மீறினால் சட்டமாம், ஒருத்தி மனைவியா இல்லையா என்பது வீட்டு விஷயமாம். தலைப்பை மாற்ற மாட்டேன் என்று நேர்காணலில் சொன்னேன். வேலை வேறொருவருக்குப் போனது. பகுதி நேர விரிவுரைகளில் காலம் தள்ளினேன், எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை.

சென்ற ஆண்டு சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அரங்கில் தமிழிலேயே பேசக் கூப்பிட்டார்கள். வரமாட்டேன் என்று சொல்லியிருந்த அம்மா கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். பேசி முடித்ததும் ஒரு பெண்மணி எழுந்து, "எத்தனையோ சட்டம் இருக்கு, நீங்க ஏன் இத எடுத்தீங்க?" என்று கேட்டார். அம்மா பயந்த கேள்வி.

ஆனாலும் சொன்னேன். "எனக்கே நடந்துச்சு. பதிவு ஆச்சு, தாலி ஏறல, கோர்ட்ல ரத்தாச்சு. நான் கல்யாணம் ஆனவளா இல்லையான்னு இன்னைக்கும் யாரும் நேராச் சொல்ல மாட்டேங்கறாங்க."

அம்மாவை அடையாளம் கண்டுகொண்ட யாரோ திரும்பி, "உங்க பொண்ணாக்கா?" என்று கேட்டார்.

"ஆமா, என் பொண்ணுதான்," என்றார் அம்மா. "கல்யாணம் ஆச்சு, ரத்தும் ஆச்சு. இப்ப என்ன?"