ஊமத்தம்பூ தொடுத்த விரல்

என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. காலையில் ஜன்னலோரம் உட்கார வைத்துப் பல் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. இடது கண்ணின் பாப்பா கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. வலது கண்ணில் பழுப்பு வளையமே இல்லை, நடுவே முழுக்கக் கறுப்பு. அந்தக் கண் என்னைப் பார்ப்பதாகத் தோன்றவில்லை. எனக்குப் பின்னால் நிற்கும் யாரையோ பார்த்தது. நான் திரும்பியும் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

முந்தாநாள் அவள் கட்டிலிலிருந்து விழுந்திருந்தாள். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தொப்பென்ற சத்தம். ஓடி வந்து தூக்கினேன், அழுதாள், கொஞ்ச நேரத்தில் சிரித்தாள். வீக்கம் இல்லை. அதனால் யாரிடமும் சொல்லவில்லை. தலையில் அடிபட்டால் ஒரு பாப்பா மட்டும் பெரிதாகும், அது உள்ளே ரத்தம் கசிவதற்கு அடையாளம் என்று எங்கோ படித்தது மட்டும் அன்று காலை வரி வரியாக நினைவுக்கு வந்தது.

வேங்கிக்காலிலிருந்து டவுனுக்கு பைக்கில் போகும்போது கணவர் ஏதேதோ கேட்டார். நான் மகளின் வலது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் டாக்டர் அம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எங்காவது விழுந்தாளா என்று கேட்டார்.

"விழுந்தா மேடம். முந்தாநாள், கட்டில்லேர்ந்து."

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கலாம், அதற்கு முன் ஒரு சொட்டு மருந்து விட்டுப் பார்க்கிறேன் என்றார் டாக்டர். விட்டுவிட்டு அரைமணிக்கு மேல் காத்திருந்தோம். அந்தப் பாப்பா சுருங்க வேண்டும், சுருங்க வேண்டும் என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டே இருந்தேன். சுருங்கவில்லை. டாக்டர் முகம் மட்டும் தெளிந்தது.

"சுருங்காததுதான்மா நல்ல சேதி. நேத்து இவ கண்ணுல, உன் கையில என்ன பட்டுச்சி, யோசிச்சிச் சொல்லு."

நேற்று பிரதோஷம். மாமியாருக்கு முழங்கால் வலி, குனிய முடியாது. பக்கத்துக் காலி மனையில் பூத்திருந்த ஊமத்தம்பூவை நான்தான் பறித்தேன், காம்பைக் கிள்ளி மாலையாகத் தொடுத்தேன். கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மகளுக்கு மை இட்டேன். வலது கண்ணுக்கு இட்டதும் அவள் திமிறிக்கொண்டு ஓடிவிட்டாள்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். பாப்பாவைச் சுருக்கும் தசைக்கு நரம்பு அனுப்பும் கட்டளைதான் அசிடைல்கோலின். தசையில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. மூளையில் அழுத்தம் ஏற்பட்டு நரம்பு செயலிழந்திருந்தால் கட்டளைதான் வராது, ஏற்பி திறந்திருக்கும். அப்போது இந்தச் சொட்டு மருந்தே அதைத் தொட்டுப் பாப்பாவைச் சுருக்கிவிடும். இங்கே ஊமத்தைச் சாறு ஏற்பியையே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, மருந்துக்கும் இடமில்லை. பிறகு மகளின் நாக்கைத் தொட்டுப் பார்த்தார், நாடி பிடித்தார், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். வாயில் எச்சில் ஊறுவதற்கும், இதயம் நிதானமாகத் துடிப்பதற்கும், நினைவு தங்குவதற்கும் அதே அசிடைல்கோலின்தான் வேண்டும் என்றார். சாறு வயிற்றுக்குள் போயிருந்தால் கதையே வேறு. விழுந்ததற்காக இன்னும் ஒருநாள் கவனிக்கச் சொன்னார். வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் எழாமல் தூங்கினாலோ உடனே வரச் சொன்னார்.

நான் தாவரவியல் படித்தவள். ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின் எந்த ஏற்பியை அடைக்கும் என்று பரீட்சையில் படம் வரைந்து எழுதியிருக்கிறேன். அந்தப் படத்தில் விரல் இல்லை, குழந்தை இல்லை. மை இட்ட பிறகு அதே கையால்தான் அவளுக்கு வாழைப்பழம் ஊட்டினேனா, அல்லது கை கழுவிய பிறகா? இன்றுவரை எனக்கு நினைவில்லை.

ஒரு வாரத்தில் பாப்பா பழையபடி ஆனது. நான் ஆகவில்லை. தினமும் காலையில் செல்போன் டார்ச்சை அடித்து இரண்டு கண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். மாமியார் ஒருநாள் பொறுக்காமல், "கண்ணு நல்லாத்தான் கீது. நீ இப்படி லைட்டு அடிச்சிக்கினே இருந்தாதான் கெடும்" என்றார். அடுத்த பிரதோஷத்துக்கு அவரே முழங்காலைப் பிடித்துக்கொண்டு பூப்பறிக்கப் போனார். விடுங்க அத்தை என்று நானே கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பறித்தேன். தொடுத்து முடித்தபின் மூன்று முறை சோப்புப் போட்டேன். அன்று முழுக்க மகளைத் தொடவில்லை.

கட்டிலிலிருந்து விழுந்ததைப் பற்றிக் கணவர் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மதியம் ஆபீசிலிருந்து போன் செய்யும்போது, சாப்பிட்டாயா என்று கேட்டபின், குரலைத் தணித்துக்கொண்டு இதையும் கேட்கிறார்.

"பாப்பா எங்கியும் விழலையே?"

இல்லைங்க என்கிறேன். உண்மையைத்தான் சொல்கிறேன். அவர் உடனே போனை வைப்பதில்லை. இன்னும் ஏதாவது சொல்வேனா என்று கொஞ்ச நேரம் காத்திருக்கிறார். என் கையில் போனைப் பார்த்ததும் மகள் ஓடி வந்து, கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, வெளிச்சத்துக்காக முகத்தை நிமிர்த்துகிறாள்.