இரண்டும் சரி, கூட்டினால் பூஜ்யம்

என் மனைவியின் தொண்டையில் பஞ்சு படிந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னவன் நான்தான். அவள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவாள். பாட்டு மேலே ஏறும் இடத்தில் அவள் குரலைக் கேட்கவென்றே நிமிர்ந்து உட்காருகிறவர்கள் உண்டு. ஒருநாள் சரியாக அந்த இடத்தில் குரல் அமுங்கிப் போனது. அப்புறம் வாராவாரம் அதே கதை. "பாட்டுக்காரம்மாவுக்குக் குரல் போயிருச்சுங்களா?" என்று என்னிடமே கேட்டார்கள். டாக்டர் பார்த்துவிட்டுத் தொண்டையில் ஒன்றுமில்லை என்றார். பஞ்சைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்றேன் நான். மிளகுப் பாலும் சுக்குத் தண்ணியுமாகக் குடித்துப் பார்த்துவிட்டு அவள் பாடுவதையே நிறுத்திவிட்டாள்.

அவள் குரல் முதலில் அமுங்கியதற்குச் சற்று முன்புதான் சர்ச்சுக்கு நான் புது ஸ்பீக்கர் செய்து கொடுத்திருந்தேன். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் முன்பே சத்தத்தை இரண்டாகப் பிரித்து, கனத்ததைப் பெரிய ஸ்பீக்கருக்கும் கீச்சென்று இருப்பதை ஹார்னுக்கும் அனுப்புகிற போர்டு அதில் உண்டு. ஆக்டிவ் கிராஸ்ஓவர் என்பார்கள். யாரோ போட்ட படத்தைப் பார்த்துப் பற்றவைத்தேன். கம்பெனியில் நான் செக்கிங் பார்ப்பவன். பனியனின் கையைத் தனியாக, கழுத்தைத் தனியாக அளந்து பாஸ் போட்டே பழகிய புத்தி. பெரியதைத் தனியாகக் கேட்டேன், சரி. ஹார்னைத் தனியாகக் கேட்டேன், சரி. பாஸ்.

சர்ச்சில் இன்னொரு ஸ்பீக்கர் பெட்டி செய்யச் சொன்னபோது, கணக்குத் தெரியாமல் காப்பியடிக்கிறோமே என்று ரோஷம் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பாடம் கேட்க ஆரம்பித்தேன். அதிர்வெண்ணுக்கு அங்கே 'எஸ்' என்று பெயர். இரண்டு பாதைக்கும் பின்னத்தின் கீழே ஒரே கணக்கு. மேலே, பெரிய ஸ்பீக்கருக்கு ஒன்று என்ற எண். ஹார்னுக்கு எஸ்ஸின் வர்க்கம். எஸ் கற்பனை எண் என்பதால், இரண்டும் சந்திக்கும் அதிர்வெண்ணில் அந்த வர்க்கம் மைனஸ் ஒன்று. ஆர்டர் ஷீட்டின் பின்பக்கத்தில் கூட்டினேன்.

பூஜ்யம்.

தப்பு செய்துவிட்டேன் என்று மறுபடி போட்டேன். பூஜ்யம்தான். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது; சத்தம் நடுவிலேயே செத்துவிடுகிறது. எந்த அதிர்வெண்ணில் என்று என் போர்டின் அளவுகளைப் போட்டுப் பார்த்தேன். எண்ணூற்றுச் சொச்சம். பிறகு போனில் இருந்த அவளுடைய பழைய பாட்டை எடுத்து, மேலே ஏறி நிற்கும் அந்தச் சுரத்தை அளந்தேன். அதே எண்ணூற்றுச் சொச்சம். சர்ச்சில் வேறு யாரும் அவ்வளவு உயரம் பாடுவதில்லை. அதனால் வேறு யார் குரலும் போகவில்லை. பிசைந்த சோறு அப்படியே கிடந்தது.

சாயங்காலம் அவளைக் கட்டாயப்படுத்தி சர்ச்சுக்குக் கூட்டிப்போனேன். ஹார்னின் இரண்டு ஒயர்களை இடம் மாற்றினால் மைனஸ் பிளஸ்ஸாகிவிடும். மொத்த வைத்தியமும் அவ்வளவுதான். மாற்றினேன். "ஒரு வரி பாடு அம்மிணி" என்றேன். ஆளில்லாத சர்ச்சில் தயங்கித் தயங்கிப் பாடினாள். மேலே ஏறினாள். குரல் முழுசாக வந்து சுவரெல்லாம் நிறைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்பு ஸ்பீக்கரில்தான், உன் தொண்டையில் இல்லை என்று திக்கித் திணறிச் சொன்னேன்.

அவள் மைக்கை ஆஃப் செய்தாள்.

"ஒண்ணுமில்லீன்னு டாக்டரு அன்னைக்கே சொன்னாருங்க. நீங்கதான் நம்பல."