கல்லைத் தூக்கிப் பார்க்காத பட்டறை

கிரைண்டர் மெக்கானிக் கழற்றுவது என்னவோ மோட்டாரைத்தான். வாங்கிக் கட்டிக்கொள்வது முதலாளிக்கு விழவேண்டிய திட்டை. இரண்டு பக்கமும் இடிபடுகிற யாருக்கும் இது புரியும்.

டெஸ்டிங்

தொண்ணூறுகளில் கோயம்புத்தூர் பீளமேட்டில், கிரைண்டர் செய்கிற ஒரு பட்டறையில் மெக்கானிக்காக இருந்தேன். ஒவ்வொரு கிரைண்டரிலும் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்ப்போம். சத்தம் வருதா, ஷாக் அடிக்குதா, அவ்வளவுதான் டெஸ்டிங். மாவு ஆட்டி, வழித்து, கல்லைத் தூக்கிக் கழுவிப் பார்த்த ஆம்பளை எங்களில் ஒருத்தன் கிடையாது. கல்லைத் தூக்காமலே மாவு வழிக்க, சாய்கிற மாதிரி ஒன்று செய்து பார்க்கலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "நல்லா ஓடறத எதுக்குடா நோண்டற? பேசாம பொட்டாட்ட வேலையப் பாரு."

வாய் விட்டது

சிங்காநல்லூரில் ருக்மணியம்மா தனியாளாக இட்லிக்கடை வைத்திருந்தார். பெல்ட் மாற்றப் போனபோது தோளில் பிளாஸ்திரி. தினமும் கல்லைத் தூக்கி வந்த வலி. எனக்கு மனசே கேட்கவில்லை. கல்லைத் தூக்காமல் சாய்த்து வழிக்கிற கிரைண்டர் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். காப்பியை நீட்டிக்கொண்டே சொன்னார்: "சீக்கிரம் கொண்டாங்க கண்ணு, அது வரைக்கும் தோளு தாங்கோணுமுங்கல்லோ."

கோணிக்குள்ளே

மதியச் சாப்பாட்டு நேரத்தில், பழைய ஸ்டாண்டை அறுத்து நானே வெல்டிங் வைத்தேன். முதல் தடவை சாய்த்தபோது அப்படியே கவிழ்ந்து செருப்பெல்லாம் மாவு. இரண்டாம் தடவை பாதி சாய்ந்து நின்றது. அட, அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம்! முதலாளி பார்த்தார், மூலையில் தள்ளிக் கோணி போட்டு மூடச் சொல்லிவிட்டார். அதைத் தாண்டும்போதெல்லாம் கை பரபரக்கும். லேத் ஓட்டுகிற பழனிசாமி ஒருநாள் சொன்னான்: "பொண்டாட்டிய ஊருக்கு அனுப்பிப்போட்டு நிக்கறவனாட்டப் பாக்காதடா."

கடைசி சர்வீஸ்

இரண்டு வருஷம் கழித்து சர்வீஸ் பார்க்க ருக்மணியம்மா கடைக்குப் போனேன். எங்கள் கிரைண்டர் பின்பக்கம் கிடந்தது. முன்னால் வேறு கம்பெனியின் சாய்கிற கிரைண்டர். ஒற்றைக் கையால் சாய்த்துக் காட்டினார். மாவு தானாக இறங்கியது. அவர் கோபப்படக்கூட இல்லை. "ரண்டு வருசம் பாத்துட்டே இருந்தனுங்க கண்ணு, நீங்க வரவேயில்லீங்களே."

மறுக்கா

அதை அப்படியே முதலாளியிடம் சொன்னேன். மறுநாள் ஊறவைத்த அரிசியோடு வந்தார். தானே ஆட்டினார், கல்லைத் தூக்கினார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அங்கிருந்தே அந்த மூலையைக் கைகாட்டினார். "அந்தக் கோணிய எடுத்துப்போடு. மறுக்காக் கவுந்தாக் கவுந்துட்டுப் போகுது."

அதற்கப்புறம் எத்தனையோ புதுசு செய்து பார்த்தோம். ஆனால் அந்தத் தோளுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது எங்கள் கிரைண்டராக இல்லையே என்ற ஏக்கத்துக்கு மட்டும் என்னிடம் இன்னும் ஸ்பேர் பார்ட் கிடையாது.