பிடுங்கி வைத்த ஃபியூஸ்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று சொந்தத்தில் எல்லோரும் சொல்வார்கள். வருவதெல்லாம் கிடையாது, அது அங்கேயே குடியிருக்கிறது. வாஷிங் மெஷின் ஒழுகிய அந்த மே மாதத்தில் மூக்கை விட்டுக் கைக்கு இறங்கியது, அவ்வளவுதான்.

கும்மிடிப்பூண்டியில் எங்களுடையது மாடி வீடு. கீழே என் வீட்டுக்காரரின் அண்ணனும் அவர் மனைவியும், மேலே நாங்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர், படிக்கட்டுக்கு அடியில். அண்ணன் தொழிற்பேட்டையில் இரும்பு கடைகிற லேத் மெஷின் ஓட்டுகிறார். என் வீட்டுக்காரர் இன்னொரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். மெஷின் எங்களிடம் மட்டும்தான் இருந்தது என்பதால் கீழ்வீட்டு அழுக்கும் மேலே வரும். என் ஓரகத்தி வாளியைப் படியில் வைத்துவிட்டு ஒரு குரல் கொடுப்பார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அந்த யூனிஃபார்மையும் சேர்த்து நான்தான் துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று காலை துணி போட்டுவிட்டுச் சமையலுக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து சத்தம்.

"இன்னாடி, மேல ஏரி வெட்டிக்கினு கீறியா? என் அடுப்பு மேல சொட்டுது, வந்து பாரு!"

மெஷினுக்கு அடியிலிருந்து தண்ணீர் பரவி, சுவரோரம் இருந்த விரிசல் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் மாப்பை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். அதற்குள் அண்ணன் மேலே வந்துவிட்டார். நைட் ஷிப்டு முடிந்து அப்போதுதான் படுத்தவர். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். வந்த வேகத்தில் மெஷினை எட்டி உதைத்தார். தகரம் உள்ளே போய்க் குழி விழுந்தது.

"மனுசன் தூங்குறதா வேணாவா? இதே பேஜாரா பூடுச்சி. இன்னொரு சொட்டு கீழ விழுந்துச்சி, மேல் ஊட்டு லைனையே புடுங்கி எறிஞ்சிடுவேன்!"

"மிஷின இன்னாத்துக்கு ஒதைக்கிற? ஒதைக்கணும்னா என்ன ஒதை," என்று என் வீட்டுக்காரர் அவர் பனியனைப் பிடித்தார். பனியன் கிழிந்தது. அண்ணன் கை வீசியதில் என் வீட்டுக்காரரின் உதடு கிழிந்தது. ஈரத்தரையில் இரண்டு பேரும் வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலும் அடித்துக்கொண்டார்கள். நாற்பதைத் தாண்டிய இரண்டு ஆம்பளைகள். நடுவில் போன எனக்கும் முழங்கையால் ஒரு இடி கிடைத்தது. ஓரகத்தி வந்து புருஷனை இழுத்துக்கொண்டு போனார்.

என் வீட்டுக்காரர் உதட்டு ரத்தத்தைத் துப்பிவிட்டு, "இன்னிக்கி இத்த ரிப்பேர் பண்ணாம சோறு துன்ன மாட்டேன்" என்றார்.

பிளக்கைப் பிடுங்கப் பார்த்தார். தண்ணீர் தெறித்துத் தெறித்து அது கருகி, பிளக் பாயிண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுவிட்சும் அசையவில்லை. அதனால் கீழே போய், மீட்டர் பலகையிலிருந்து வெள்ளை ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். மேலும் கீழும் இரண்டு வீட்டுக்கும் கரண்டு நின்றது.

எங்கள் பக்கத்தில் கம்பெனிக்குப் போகிற யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மெஷினில் கை வைக்கிறவன் ஃபியூஸைப் பிடுங்கித் தன் பையில் வைத்துக்கொள்வான். வேலை முடிந்ததும் அவன் கையாலேயே சொருகுவான். பலகையில் ஃபியூஸ் இல்லை என்றால் எங்கேயோ ஒருத்தன் கை உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தை வேறு எவனும் தொடக்கூடாது. குடித்துவிட்டு வருகிறவன்கூடத் தொடமாட்டான்.

மெஷினின் பின்பக்கத் தகரத்தைக் கழற்றினார். நான் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தேன். தொட்டிக்கு அடியிலிருந்து இறங்கும் ரப்பர் குழாயில் ஒரு கீறல், கத்தியால் வகிர்ந்ததுபோல. அதற்குள் விரலை விட்டுத் துழாவி ஒன்றை வெளியே எடுத்தார். லேத்தில் சீவி விழுகிற இரும்புச் சுருள். ஓரம் பிளேடு மாதிரி இருந்தது. அவர் விரலிலும் ரத்தம் வந்தது.

லேத் ஓட்டுகிறவர் இந்த வீட்டில் ஒருத்தர்தான். அவர் யூனிஃபார்ம் பையில் கிடந்த இரும்பு, எங்கள் மெஷினைக் கிழித்து, அவர் அடுப்பின் மேலேயே சொட்டியிருக்கிறது. அதற்குத்தான் எங்களுக்கு உதை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "குடு அத்த. அந்த ஆளு மூஞ்சிலயே விட்டெறிஞ்சிட்டு வரேன்."

"வுடு. அப்புறம் பாத்துக்கலாம். வேற குழாய் வாங்கணும், அதுக்குள்ள இந்தப் பிளக் பாயிண்ட மாத்திடறேன்," என்று ஈரத்தரையில் முட்டி போட்டு, கருகிய பாயிண்டைத் திருகிக் கழற்ற ஆரம்பித்தார்.

நான் விடவில்லை. ஒரு கையில் இரும்புச் சுருள், இன்னொரு கையில் மாப். படியில் இறங்கினேன்.

கடைசிப் படிக்கு நாலு படி மேலே இருக்கும்போது பார்த்தேன். மூத்தவர், அந்த அண்ணன்தான், மீட்டர் பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஃபேன் நின்று, வியர்வையில் நனைந்து எழுந்து வந்திருக்கிறார். அவர் கையில் ஒரு செம்புக் கம்பி. காலி இடத்தில் அதை வளைத்துச் சொருகினார். கீழ்வீட்டு ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

மேலே என் வீட்டுக்காரரின் குரல் கேட்டது. கத்தல் என்று சொல்ல முடியாது. தொண்டையைப் பிடித்து நெரித்தால் வருமே, அது. பிறகு ஏதோ விழுந்த சத்தம்.

இரும்புச் சுருளை அவர் காலடியில் எறிந்துவிட்டுக் கீழே குதித்தேன். மாப்பைத் திருப்பி, காய்ந்த கட்டை முனையால் அந்தக் கம்பியைத் தட்டிவிட்டேன். நெருப்புப் பொறி பறந்தது, ஃபேன் நின்றது. அதே கட்டையை ஓங்கி அவர் தலையில் இறக்கினேன். அவர் எதிரில் நான் நாற்காலியில்கூட உட்கார்ந்தவள் இல்லை. கட்டை இரண்டாக உடைந்தது.

"யோவ்! உன் தம்பி உள்ள கைய வச்சிக்கினு கீறான்யா!"

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். "நான்... லைன புடுங்குவேன்னு சொன்னேன்ல, அந்தக் கடுப்புல அவன் முந்திக்கினு ஃபியூஸ புடுங்கிட்டான்னு நெனச்சி..."

மீதியைக் கேட்க நான் அங்கே இல்லை.

மேலே என் வீட்டுக்காரர் சுவரோரம் சாய்ந்து கிடந்தார். வலது உள்ளங்கை கருகியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நெஞ்சில் குத்தினேன், கன்னத்தில் அறைந்தேன், பெயர் சொல்லிக் கத்தினேன். செத்துவிட்டார் என்றே நினைத்தேன். பின்னாலேயே மூத்தவர் வந்து, நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்து கண்ணில் இறங்க, குனிந்து தம்பியைத் தோளில் தூக்கினார். பாதிக் கட்டை இன்னும் என் கையில்தான் இருந்தது. தூக்குகிற அந்த முதுகில் அடித்தேன். படியில் இறங்கும்போதும் அடித்தேன். அவர் ஒரு தடவைகூடக் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. படியின் பாதியில் தோளிலிருந்து ஒரு முனகல் வந்தது. அப்போதுதான் கட்டையைக் கீழே போட்டேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். ஒருத்தருக்குக் கையில் கட்டு, ஒருத்தருக்குத் தலையில் தையல். நர்சம்மா, "இன்னா சண்டை?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் குழறிக் குழறி, "மிஷின் லீக்கு, சிஸ்டர்" என்றார். மூத்தவர் குப்புறப் படுத்து அழுதார். எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

என் வீட்டுக்காரரின் வலது கையில் இரண்டு விரல் இப்போது மடங்காது. அண்ணனை அவர் மன்னித்துவிட்டார். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், அது அவர்கள் பாடு. கீழ்வீட்டு வாளி கொஞ்ச காலம் வரவில்லை. பிறகு வந்தது. சட்டையிலும் பேண்டிலும் எல்லாப் பைகளும் வெளியே இழுத்துவிடப்பட்டு, காதுபோலத் தொங்கிக்கொண்டிருந்தன. ஓரகத்தி குரல் கொடுக்காமல் வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் துவைத்துப் போட்டேன்.

மூத்தவர் இப்போது கீழே ஒரு பல்பு ஹோல்டரைக் கழற்றுவதானாலும், தண்ணி மோட்டாரில் கை வைப்பதானாலும், ஃபியூஸைப் பிடுங்கித் தன் பையில் வைத்துக்கொள்வதில்லை. படியேறி வந்து வாசலில் நிற்பார். என் முகத்தைப் பார்க்காமல், "இத்த வச்சிக்கம்மா. நான் வந்து கேக்கச்சொல்ல குடு" என்று அந்த வெள்ளைக் கட்டையை நீட்டுவார். தம்பி வீட்டில் இருந்தாலும் அவரிடம் கொடுப்பதில்லை. என்னிடம்தான்.

வாங்கி இடுப்பில் சொருகிக்கொள்வேன். கீழே ஸ்க்ரூ டிரைவர் சத்தம் கேட்கும். மீட்டர் பலகை படிக்கட்டுக்கு அடியில், இறங்கினால் கைக்கெட்டும் தூரம். அது அவருக்கும் தெரியும். அவர் வேலையை முடித்துவிட்டு மேலே வந்து கேட்கும்வரை நான் இருந்த இடத்தை விட்டு எழுந்திருப்பதில்லை.