மூன்று கோடுகளும் ஓர் ஏரியும்

அச்சகத்தின் பின்னறையில் மெய்ப்புத் திருத்தும் பெண்ணை எல்லோரும் காற்புள்ளி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் பக்கத்தைத் திருப்பி அனுப்பிவிடுவாள் என்பதால் வந்த பெயர். மற்றபடி தானுண்டு தன் பென்சிலுண்டு என்று இருப்பவள். அதனால்தான், வார இதழின் துப்பறியும் தொடர்கதையில் பதினோராம் அத்தியாயத்தின் ஓரத்தில் அவள் எழுதிய ஒரு வரி மாடியிலிருந்த இதழ் அலுவலகம்வரை போய்ச் சலசலப்பை உண்டாக்கியது.

‘இந்த மாதிரிக் கண்டுபிடிக்க முடியாது’ என்று எழுதியிருந்தாள்.

தொடரை எழுதுபவர் ஐம்பதைத் தாண்டியவர். இதழில் அவருக்கு மர்மம் சார் என்று பெயர். தாளைக் கையில் பிடித்தபடி படியிறங்கி வந்தார்.

“எழுத்துப் பிழையை நீங்க பாருங்கக்கா. கதையை நான் பாத்துக்கறேன்.”

“கதை நல்லாத்தான் இருக்கு சார். உங்க துப்பறிவாளர் ஓட்டல் அறையில உக்காந்து, வில்லனோட ரேடியோ அலை வர்ற திசையைப் பிடிக்க வளைய ஏரியலைத் திருப்பறாரு, அது நேரா வில்லன் வீட்டைக் காட்டிடுது. வளையம் வீட்டையெல்லாம் காட்டாது. ஒரு கோட்டைத்தான் காட்டும். அந்தக் கோட்டுல ஆள் உங்களுக்கு முன்னாடியும் இருக்கலாம், பின்னாடியும் இருக்கலாம்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“துறைமுகத்துல எட்டு வருஷம் அந்த வேலைதான் பாத்தேன்.”

மர்மம் சார் அங்கிருந்த காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

இருபத்திரண்டு வயதில் அவள் அந்த வேலையில் சேர்ந்தாள். சுண்ணாம்பு அடித்த ஒற்றை அறை. கூரைக்கு மேலே ஆளுயர வளையம்; அதைத் திருப்ப அறைக்குள் ஒரு கைச்சக்கரம். மூடுபனியில் வழி தெரியாத கப்பல் ஒன்று ரேடியோவில் நீளமாக ஓர் ஒலியை அனுப்பும். அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சக்கரத்தை மெல்லத் திருப்புவாள். ஒலி தேயும், இன்னும் தேயும், ஓரிடத்தில் அறவே இல்லாமல் போகும். அந்த இடத்தின் பாகையைக் குறித்துக்கொள்வாள். கரையோரமாய்த் தொலைவில் இருந்த இன்னொரு நிலையம் தன் எண்ணைச் சொல்லும். இரண்டு கோடுகளும் வரைபடத்தில் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. வெளியே பார்த்தால் வெள்ளை வெளேரென்று பனி. உள்ளே தாளில், எங்கோ மிதக்கும் ஒரு கப்பல். அந்த அறையில் இருந்தவரை தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் வாழ்ந்ததுபோல் இருந்தது என்று பின்னாளில் சொல்வாள். கணவருக்கு மாற்றல் வந்தது. கடலே இல்லாத இந்த ஊருக்கு வந்தார்கள். அச்சகத்தில் வேலை கிடைத்தது.

“சத்தம் நல்லாக் கேக்கற பக்கத்தைத்தானே பாக்கணும்?” என்றார் மர்மம் சார்.

“சத்தம் அகலமாப் பரந்து கிடக்கும் சார். எங்கன்னு சொல்ல முடியாது. அமைதிதான் ஊசி மாதிரி. அது எங்க விழுதோ அங்கதான் கோடு.”

அவர் கையிலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, “ஒருதடவை செஞ்சு காட்டுவீங்களா? பாக்காம எழுதினா மறுபடியும் தப்பாத்தான் எழுதுவேன்” என்றார்.

துறைமுக நிலையத்தின் பழைய சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, மேலே வளையம் பொருத்திய கையடக்க ரேடியோ ஒன்றை அவள் வாங்கி வைத்திருந்தாள். முனைக்கடை ரேடியோ மெக்கானிக், ‘பீப் பீப்’ என்று மட்டும் ஒலிபரப்பும் சின்னப் பெட்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். அதை யார் கொண்டுபோய் ஒளித்துவைப்பது என்று பேச்சு வந்தபோது, மர்மம் சாரின் மனைவியான பூகோள டீச்சரே முன்வந்தாள்.

“நான் கொண்டு போறேன். எங்கன்னு மட்டும் கேக்கக் கூடாது.”

சனிக்கிழமை மதியம், டீச்சர் பெட்டியோடு போன பிறகு, சாரும் அக்காவும் கிளம்பினார்கள். “இதுக்கு மெஷினே வேண்டாம்” என்று மர்மம் சார் சிரித்தார். “சனிக்கிழமைன்னா அவ தங்கச்சி வீட்டுலதான் இருப்பா.”

அச்சகத்து மாடி வேண்டாம், தகரக்கூரை கோட்டை வளைத்துவிடும் என்று அக்கா பள்ளி மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். புல்வெளியின் நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். பீப் ஒலி தேய்ந்து மறைந்தது. வரைபடத்தில் கோடு போட்டாள். தங்கச்சி வீடு அந்தக் கோட்டுக்குக் கிட்டேகூட இல்லை.

“மெஷின் பழசு” என்றார் அவர்.

அடுத்து தண்ணீர்த் தொட்டி மேடு. இரண்டாவது கோடு முதல் கோட்டை ஏரிக்குள் வெட்டியது.

“என்னக்கா இது, தண்ணிக்குள்ளயா உக்காந்திருப்பா?”

“வாங்க சார், இன்னொரு இடம் பாக்கணும். பொழுது சாஞ்சா அலை வானத்துல பட்டுத் திரும்பி வரும், கோடு தள்ளாட ஆரம்பிச்சுடும்.”

மூன்றாவது கோட்டை ஆற்றுப் பாலத்தின் கிழக்குக் கரையில், இரும்புக் கைப்பிடியிலிருந்து விலகி நின்று எடுத்தாள். அது முன்னிரண்டும் வெட்டிய புள்ளியைத் தொடவில்லை. நகக்கண் அளவுக்கு ஒரு முக்கோணம் விழுந்தது. முழுக்க ஏரிக்குள்.

“பாத்தீங்களா, ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகல.”

அக்கா முக்கோணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். துறைமுகத்தில், மிதந்து நகரும் கப்பலுக்கு மறுபடியும் ஒரு கோடு எடுத்தபோதெல்லாம் பார்த்த முக்கோணம்தான் அது. “மூணுமே சரிதான் சார்” என்றாள். “டீச்சர்தான் ஒரே இடத்துல இல்ல. நகந்துட்டே இருக்காங்க.”

ஏரிக்கரைக்குப் போனபோது தண்ணீர் அசைவற்றுக் கிடந்தது. எதிர்க்கரை மரங்கள் தலைகீழாக நின்றன. நடுவில் ஒரு சின்னப் படகு. உள்ளே விரித்த குடையொன்று நிறுத்தியிருந்தது; அதன் காம்பில் ஏரியல் கம்பி சுற்றியிருந்தது. டீச்சர் அவசரமில்லாமல் துடுப்பு வலித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் காதில் பீப் ஒலி மழைபோல் நிறைந்திருந்தது. ஒலிக்கு மறுமுனையில் இருப்பவரை அவள் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் முறை.

படகு கரை தொட்டது.

“எத்தனை நாளா இது?” என்றார் மர்மம் சார். குரல் தணிந்திருந்தது.

“நாலு வருஷமா. சனிக்கிழமைதோறும்.”

“நீ தங்கச்சி வீட்டுக்குப் போறதா நெனச்சேன்.”

“நெனச்சீங்க. கேக்கல.”

“உடம்பு சரியில்லாம வீட்டோட இருந்தியே, அதுக்கப்புறமா?”

“ஆமா. கை வலு வரணும்னு டாக்டர் சொன்னாரு. அப்புறம் வலு வந்துடுச்சு, விட மனசு வரல.” குடையை மடக்கினாள். “நீங்க உலகத்துலயே இல்லாத ஆளையெல்லாம் வாராவாரம் கதையில கண்டுபிடிக்கறீங்க. சரி, என்னையும் ஒருதடவை தேடட்டுமேன்னு தோணுச்சு.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி, படகின் கயிற்றைத் தானே வாங்கி முளையில் கட்டினார். சரியாகக் கட்டத் தெரியவில்லை. டீச்சர் அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

பதினோராம் அத்தியாயம் ஒரு வாரம் தாமதமாக வந்தது. அதில் துப்பறிவாளர் மூன்று இடங்களில் நின்றார். கோடுகள் சேராததைக் கண்டு ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில் எதிரி ஆற்றில் மிதந்துகொண்டே செய்தி அனுப்புவதை உணர்ந்தார். வாசகர்கள் பாராட்டி எழுதினார்கள். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் மர்மம் சாரைத் தேடி யாராவது வந்தால், அவர் ஏரிக்குப் போயிருப்பதாக அச்சக வாயிற்காவலர் சொல்வார்.

ஒரு சனிக்கிழமை சாரும் டீச்சரும் அக்காவையும் அழைத்தார்கள்.

“ஏறுங்கக்கா, உங்களுக்குப் பழக்கம்தானே” என்றாள் டீச்சர்.

அக்கா கரையிலேயே நின்றாள். “எட்டு வருஷம் கப்பலுக்கெல்லாம் வழி சொன்னேன்” என்றாள் மெதுவாக. “ஒருநாளும் ஒரு படகுல கால் வெச்சதில்ல.”

டீச்சர் சிரிக்கவில்லை. கையை நீட்டினாள். அக்கா புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வைத்தாள். படகு ஆடியது. இரண்டாவது காலையும் எடுத்து வைத்து, பலகையில் உட்கார்ந்து, விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டாள். மர்மம் சார் படகைக் கரையிலிருந்து தள்ளிவிட்டார். துடுப்பு தண்ணீரைத் தொட்டபோது, இத்தனை சத்தம் வருமென்று அவள் நினைக்கவில்லை.