காலஞ்சென்ற

கிளிநொச்சியில் ஒரு இரும்புக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். மரண அறிவித்தல், நினைவஞ்சலி, கலியாண அழைப்பு போடும் இணையத்தளம் ஒன்றை நடத்துகிறோம். வெளிநாட்டில் இருக்கும் சனத்துக்கு ஊர்ச் சாவு எங்கள் வழியாகத்தான் போகிறது.

தளத்தைக் கட்டியிருக்கும் ஃபிரேம்வேர்க்கில் ஹெல்பர் என்று ஒரு கோப்புறை உண்டு. பல பக்கங்களுக்கும் பொதுவான சின்ன வேலைகளுக்கான நிரலை அங்கே ஒருமுறை எழுதிவைத்தால் எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் அதைக் குப்பைமேடாக்கி வைத்திருந்தோம். பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ போடுவதற்கே நாலு ஹெல்பர், நாலும் நாலு மாதிரி. ஒருமுறை உயிரோடிருந்த மாமனார் ஒருவரைச் சாகடித்துவிட்டு, அவரிடமே வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

என்னோடு வேலை செய்யும் பிள்ளைதான் அதை ஒழுங்குபடுத்தினாள். மல்லாவியிலிருந்து பஸ்ஸில் வருபவள், வாய்க்காரி. நாலையும் அழித்து ஒன்றாக்கினாள். படிவத்தில் ஒவ்வொரு உறவினர் பெயருக்கும் பக்கத்தில் ‘உயிருடன் இருக்கிறாரா?’ என்ற கேள்வி வரும். ‘ஆம்’ என்றால் வெறும் பெயர், ‘இல்லை’ என்றால் ‘காலஞ்சென்ற’. பதில் சொல்லாவிட்டால் அறிவித்தல் வெளியே போகாது.

“இனி ஒருத்தரும் அரைகுறையாச் சாகேலாது அண்ணா” என்றாள். நானும் சிரித்தேன்.

மாசியில் அவளுடைய தாய் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உடலைத் தர நேரமாகும் என்றதும் நேரே அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். அம்மாவின் அறிவித்தலைத் தானே போடவேண்டுமாம். கணவர் என்ற இடத்தில் தகப்பனின் பெயரை அடித்தாள். கேள்வி வந்தது. கை நின்றுவிட்டது.

தகப்பன் யுத்தம் முடிந்த நேரம் விசாரணைக்கென்று பஸ்ஸில் ஏற்றப்பட்டவர். தாயும் மகளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. அந்த மனுசி கடைசிவரை பொட்டோடுதான் இருந்தார்.

“ஆம் எண்டு போடுங்கோ” என்றேன்.

“இருக்கிறார் எண்டு எனக்கு ஆர் சொன்னது?”

“அப்ப…”

“அம்மா சொல்லாத சொல்லை நான் சொல்லவோ?”

எனக்கு அந்தக் கேள்விமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த மண்ணில் இருந்துகொண்டு, மனிதருக்கு இரண்டே நிலைதான் என்று எப்படி நினைத்தோம்?

“ஹெல்பரை விடுங்கோ. பேரைக் கையால அடிச்சுப் போடுவம்.”

“எனக்கு மட்டுமோ இது?” என்றாள். ஹெல்பர் கோப்பைத் திறந்து மூன்றாவது பதில் ஒன்றைச் சேர்த்தாள். ‘தெரியாது’ என்று எழுதி, அழித்து, ‘தேடுகிறோம்’ என்று மாற்றினாள். அதைத் தெரிவு செய்தால் வெறும் பெயர் மட்டும் வரும். சோதித்துப் பார்த்துவிட்டு அறிவித்தலை வெளியிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. லண்டனில் இருக்கும் மாமி, தகப்பனின் தங்கை. பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ இல்லாததைப் பார்த்திருக்கிறார். சத்தம் எனக்கே கேட்டது.

“பிள்ளை, அண்ணா வந்திட்டாரோ?”



“இல்லை மாமி. அம்மாதான் போயிட்டா.”