வாயை மூடிய திரௌபதி

அந்தப் படம், சட்டத்தோடு சேர்த்தும், அஞ்சலட்டையைவிடச் சற்றுப் பெரியது. பின்னால் திரையில் வரைந்த மாளிகைப் படிக்கட்டு. பக்கத்தில் முக்காலி, அதன்மேல் பிளாஸ்டிக் ரோஜாக்கள். நடுவே பட்டுச் சேலையும் சவுரியும் நெற்றிச்சுட்டியுமாகத் திரௌபதி நிற்கிறாள். கண்களில் அத்தனை கோபம். உதடுகள் மட்டும் இறுக மூடியிருக்கின்றன. அந்தத் திரௌபதி, கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் உலை ஆபரேட்டராக இருந்தவர். தெருக்கூத்தில் பெண் வேடம் கட்டுவதால் எங்களுக்கெல்லாம் கூத்து அண்ணன்.

நான் அங்கே அலுவலகத்தில் இருந்தேன். அடையாள அட்டைக்குப் படம் கேட்டபோது இரண்டு படங்களை நீட்டினார். "ஒண்ணு கம்பெனிக்கு. இன்னொண்ணு சும்மா, நீங்க பாக்கறதுக்கு மேடம்." கூத்து முடிந்த காலையில் வேடத்தோடே ஸ்டுடியோவுக்குப் போனாராம். "போட்டோக்காரன் இன்னான்றான், 'வாய மூடு நைனா, பல்லு தெரியுது'ன்றான். பாடுறவள வாய மூடச் சொன்னா அப்புறம் இன்னாத்துக்கு மேடம் போட்டோ?" என்று சிரித்தார்.

சில ஆண்டுகள் கழித்து, சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருந்த அதே படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். மகளுக்கு வரன் வந்திருந்தது. "பொண்ணோட அப்பன் பொம்பள வேஷம் கட்றவன்னு தெரிஞ்சா எழுந்து பூடுவாங்க. ஒரு வாரம் உங்ககிட்ட இருக்கட்டும்." அன்றைய டைரியில் 'படம் ஒன்று, ஒரு வாரத்துக்கு' என்று எழுதினேன்.

நிச்சயத்துக்கு முதல் நாள் வந்து நின்றார். "மனசு கேக்கல மேடம். குடுங்க, நானே காட்டிடறேன்."

"முதல்ல தாலி ஏறட்டும் அண்ணே. அவசரப்படாதீங்க" என்றேன். எதற்கும் ஒரு வரிசை உண்டென்று நினைப்பவள் நான். அவர் படம் இருந்த மேசை இழுப்பறையைப் பார்த்தார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று உலைக்குத் திரும்பினார்.

கல்யாணம் நடந்தது. அவர் படத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. முட்டிவலி என்று சொல்லிக் கூத்தையும் விட்டுவிட்டார். முட்டிவலிக்காரர் எட்டு மணி நேரம் உலை முன்னால் நிற்பதைத் தினமும் பார்த்தேன். ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. நான் வேலையை விட்டபோது படமும் என்னோடு திருநின்றவூருக்கு வந்தது. பீரோவில் வைத்தேன், அலமாரிக்கு மாற்றினேன், மறுபடி பீரோவுக்கே கொண்டுபோனேன். என் வீட்டில் இடம் தவறி இருக்கும் பொருள் அது ஒன்றுதான்.

போன மாதம் ரயில் நிலையத்தில் அவர் மகளைப் பார்த்தேன். எங்கள் ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அய்யே! எங்க ஊட்டுக்காரரு அப்பா கூத்த மூணு தபா பாத்துக்கிறாரு மேடம். அந்தத் திரௌபதி ஊட்டுப் பொண்ணுதான் வோணும்னு நின்னாராம். அப்பாவுக்கும் தெரியும்னுதான் இருந்தேன். அவரு முட்டிவலின்னுதான விட்டாரு?"

நான் போக வேண்டிய வண்டி வந்து போனது. நான் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேர்வாய் கண்டிகைக்குப் பக்கத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். படத்தைக் கையில் கொடுத்து, மகள் சொன்னதைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்தார். சுவரில் பழைய ஆணியிலிருந்த காலண்டரைக் கழற்றிவிட்டுப் படத்தை மாட்டினார். திரௌபதியின் மூடிய உதட்டின்மேல் இருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"அந்தப் போட்டோக்காரன் ஒரு நிமிஷந்தான் மூடச் சொன்னான் மேடம்" என்றார்.